வீட்டுக்கோடு

டீசல் டேங்க் புதுசுங்க தம்பி. அத மொதல்லயே சொல்லிடுறேன். தட்டிப் பாருங்க, சும்மா நல்லா தட்டிப் பாருங்க. போட்டுக்கு இருபது வயசாச்சு, சுனாமிக்கு அப்புறம் குடுத்தது, நான் இல்லேங்கல. பைபர் அங்கங்க வெளுத்துப் போயிருக்கும். விளிம்புல ரெண்டு எடத்துல ஒட்டுப் போட்டுருக்கு, அதையும் காட்டிடுறேன். ஆனா டேங்க் போன ஐப்பசியில போட்டது. கெட்டித் தகடு. நாகூர் ஜெகபர் பாய் கையால வெல்டு வச்சது. பின்பக்கம் தளத்த வெட்டித்தான் உள்ள எறக்குனோம். எங்க வெட்டுனோம்னு காட்டுங்க பாப்போம். தெரியலல்ல? அதான் வேல.

வாங்க, இப்புடி நெழலுக்கு வந்துருங்க. ஆற்காட்டுத்துறையிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்துருக்கீங்க. வர்ற வழியில டீக்கடையில சொல்லியிருப்பாங்களே, ஆள முழுங்குன போட்டுன்னு. உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. வந்த வேகத்துல போயிட்டாங்க. நான் சொல்றேன் கேளுங்க, போட்டு மேல குத்தமே இல்ல. இந்தப் போட்டு ஒரு நாளும் யாருக்கும் துரோகம் பண்ணுனதில்ல. நீங்க வாங்குனாலும் சரி, வாங்காட்டியும் சரி, இதக் கேட்டுட்டுப் போங்க.

நாலு குடும்பத்துக்கு ஒரு போட்டுன்னுதான் அப்ப குடுத்தாங்க. ரெண்டு பேரு சீக்கிரமே வெலகிட்டாங்க. மிச்சம் நானும் மாப்ளயும். மாப்ளன்னா பக்கிரிசாமி, என் தங்கச்சி தவமணி புருசன். எனக்குக் கூடப் பொறந்தது அவ ஒருத்திதான், அவளுக்கு நான் ஒருத்தன்தான். பதினாறு வருசம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கடலுக்குப் போனோம். நான் இன்ஜின், அவன் வலை. பேசிக்கவே வேணாம். நான் திரும்பிப் பாத்தாலே அவனுக்குத் தெரியும், கயிற விடணுமா இழுக்கணுமான்னு.

டேங்க்ல எவ்வளவு டீசல் இருக்குன்னு காட்ட நமக்கென்ன மீட்டரா இருக்கு? உங்க ஊர்லயும் கம்புதானே? எங்களுதும் கம்புதான். மூங்கில் சிம்பு. மூடியத் தொறந்து உள்ள விட்டு, ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பாக்குறது. மாப்ளதான் வெட்டுனான். அடியிலேருந்து நாலு வெரக்கடைக்கு மேல கத்தியால ஒரு கோடு போட்டான். அதுக்கு வீட்டுக்கோடுன்னு பேரும் வச்சான். டீசல் அந்தக் கோட்டுக்கு எறங்குறப்ப திரும்பிடணும். வலையில மீனு தங்கமா கெடந்தாலும் திரும்பிடணும். நாங்க வழக்கமா தொழில் பண்ற எடத்துலேருந்து வீடு வந்து சேர அது போதும். பதினாறு வருசம் அந்தக் கோடு எங்கள ஏமாத்துனதே இல்ல.

அப்புறம் ஏன் எங்களுக்குள்ள பேச்சு நின்னுச்சுன்னு கேப்பீங்க. நீங்களே சொல்லுங்க, நியாயமான்னு. தங்கச்சி மவ வயசுக்கு வந்துட்டா. மஞ்ச நீராட்டுக்குப் பத்திரிகை அடிச்சான் மாப்ள. தாய்மாமன்னு போட்டு மொதல்ல யாரு பேரு வரணும்? கூடப் பொறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எனக்கு மேல சிங்கப்பூர்ல இருக்குற எங்க பெரியப்பா மவன் பேரு. ஏன் மாப்ளன்னு கேட்டதுக்கு, அவருதான் வயசுல மூத்தவரு மச்சான், அதான்னான். வயசாம். நான் சீர்ல ஒரு கொறையும் வைக்கல. பதினோரு தட்டு எடுத்துட்டுப் போனேன். மண்டபத்துல எறக்கி வச்சேன், புள்ளைக்கு மாலையப் போட்டேன், கை நனைக்காம வந்துட்டேன். தவமணி வாசல் வரைக்கும் ஓடி வந்து, அண்ணே, ஒரு வாய் சாப்புட்டுப் போண்ணேன்னா. நான் திரும்பிப் பாக்கல.

அன்னைலேருந்து பதினோரு மாசம்.

ஒரே போட்டு, என்ன பண்றது? ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவனுக்குன்னு ஆச்சு. எனக்கு ஒரு ஆளு, அவனுக்கு நாகூரான்னு ஒரு ஆளு. கயிறு தனி, தண்ணிக் கேன் தனி, எல்லாம் தனித்தனி. ஆனா ஒண்ணு சொல்லணும். பேச்சு இல்லன்னாலும் போட்டுல ஒரு ஒழுங்கு இருந்துச்சு. யாரு வாரம் முடியுதோ அவன் டேங்க்க முழுசா நெறச்சு வச்சிட்டுத்தான் எறங்கணும். அதுல ரெண்டு பேருமே பெசகுனதில்ல. ஆயில் கொறஞ்சா அவன் காலி டப்பாவ இன்ஜின் மேல கவுத்து வச்சிட்டுப் போவான், நான் புரிஞ்சுக்கிட்டு வாங்கி ஊத்திடுவேன். இன்ஜின் காத்தாடியில வலை சுத்துச்சுன்னா துடுப்புல ஒரு நூலக் கட்டி வச்சிட்டுப் போவேன், அவன் புரிஞ்சுக்குவான். மனுசன் பேசலன்னா என்ன, வேல நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. நான் அப்ப பெருமையா கூட நெனச்சுக்குவேன், பாரு, பேசாமலே நடத்துறோம்னு.

ஐப்பசியில என் வாரம். போட்டு அடியில தேங்குன தண்ணிய எறைக்கிறேன், தண்ணி மேல கலர் கலரா படலம். டீசல் வாடை கொமட்டுது. பழைய டேங்க் தகரம் அடியில அரிச்சுருச்சு. இந்தப் போட்டச் செய்யிறப்பவே அத உள்ள வச்சு மேல பைபர் போட்டு மூடிட்டாங்க. வெட்டாம எடுக்க வழியில்ல. ஜெகபர் பாயக் கூட்டிட்டு வந்தேன். பாய் தட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு, போட்டு பழசு, தளத்த முழு அகலத்துக்கும் வெட்டுனா பின்பக்கம் பலம் போயிரும், பாதிதான் வெட்டணும், அந்தப் பாதிக்குள்ள எறங்குற மாதிரி டேங்க் அடிச்சுக்கலாம்னாரு. ஆழம் அதே ஆழம். அகலம் பாதி. பழச நசுக்கி நசுக்கி வெளிய எடுத்தோம், புதுச எறக்குனோம்.

பாய் நல்ல மனுசன். அவரு அப்பவே சொன்னாரு, மாப்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க சிங்காரவேலு, பாதி போட்டு அவருதாச்சேன்னு. நான் பாத்துக்கறேன் பாய்னேன். என் சம்சாரமும் சொல்லுச்சு, அவருகிட்ட வேணாம், தங்கச்சிகிட்டயாவது போயி சொல்லிட்டு வாங்கன்னு. சரின்னேன்.

வெட்டுன தடமே தெரியக் கூடாது பாய்னு நின்னு வேல வாங்குனேன். பைபர் போட்டு, தேய்ச்சு, அதே நீலத்துல பெயிண்ட் அடிச்சு, அதே பழைய மூடியக் கழட்டி மாட்டி. மறைக்கிறதுக்காகன்னு நெனைக்காதீங்க தம்பி. என்னைக் கேக்காம எப்புடிப் போட்ட வெட்டலாம்னு அவன் பஞ்சாயத்தக் கூட்டிடுவானோன்னு ஒரு இது. மத்தபடி வேல சுத்தமா இருக்கணும்ல. நான் எதையும் மறைக்கிற ஆளு இல்ல. இவ்வளவு நேரத்துல உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

வேல முடிய என் வாரம் முடிஞ்சுது. இடையில புயல் சின்னம்னு ஒருத்தரும் கடலுக்குப் போகல. கார்த்திகை பொறந்து ஒரு திங்கக்கெழம, அவன் வாரம். விடிஞ்சும் விடியாம நான் இந்தா, இந்த எடத்துலதான் உக்காந்து கிழிஞ்ச வலையப் பொத்திக்கிட்டுருந்தேன். மாப்ளயும் நாகூரானும் வந்தாங்க. போட்டத் தள்ளுறாங்க. பத்தடி தூரம் இருக்கும். மாப்ள என்னப் பாத்தான். ஏதோ கேக்கப் போறான்னு நெனச்சேன். கேட்டா சொல்லலாம்னு நெனச்சேன். நான் வலையப் பாத்துக்கிட்டேன்.

மாப்ள, டேங்க் மாத்திருக்கு, கம்பு செல்லாது. அஞ்சு வார்த்த. எண்ணிப் பாத்துட்டேன் தம்பி, எத்தனையோ தடவ எண்ணிப் பாத்துட்டேன். அஞ்சே அஞ்சு வார்த்தைக்கு எனக்கு வாயி இல்ல.

கம்பு ஏன் செல்லாதுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆழம் அதே ஆழந்தானே, கம்புல கோடு அதே எடத்துல காட்டும். ஆனா அகலம் பாதி. கோட்டுக்குக் கீழ பழைய டேங்க்ல இருந்ததுல பாதிதான் இருக்கும். பாய் இதையும் சொன்னாரு. டேங்க்க எறக்குன அன்னைக்கே, புதுசா ஒரு கம்பு வெட்டிக்கங்கன்னாரு. நான் வெட்டுனேன். வெட்டாம இல்ல. டீசல லிட்டர் லிட்டரா ஊத்திப் பாத்து, கோட்ட மேல தள்ளிப் போட்டு, கணக்கா வெட்டுனேன். அது எங்க வீட்டுல இருந்துச்சு. என் கேனு, என் கயிறு, என் கம்பு. போட்டுல கெடந்தது அவன் வெட்டுன கம்பு, அவன் பொருளு. அத நான் எடுப்பனா? எல்லாம் தனித்தனின்னு ஆனப்புறம் அவன் பொருள்ல கை வைக்கிறது முறையில்லன்னு விட்டுட்டேன். ஒரு வரமொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஏன் தம்பி கீழ பாக்குறீங்க?

அன்னைக்கு நடந்ததெல்லாம் அப்புறம் நாகூரான் என்கிட்ட வந்து சொன்னான். கெளம்புறப்ப மாப்ள கம்பு விட்டுப் பாக்கவே இல்லையாம். மச்சான் வாரம் முடிஞ்சுதுன்னா டேங்க் நெறஞ்சுதான் இருக்கும்னு ஏறி உக்காந்துட்டானாம். வலைய விட்டு வாங்குனதுக்கு அப்புறம் மொதல்முறையா கம்பப் போட்டுப் பாத்திருக்கான். வழக்கமா இருக்குறதுக்கு ரொம்பக் கீழ. என்னா, மச்சான் முழுசா நெறக்காம விட்டுட்டாரு போலன்னானாம்.

இது எனக்கு எவ்வளவு வலிக்கும்னு பாருங்க. நான் நெறச்சேன் தம்பி. கழுத்து வரைக்கும் நெறச்சு, ததும்பி வழிஞ்சத துணியால தொடச்சிட்டு வந்தேன். எந்தக் கோயில்ல வேணாலும் சூடத்த அணைக்கிறேன். நான் டீசல்ல ஏமாத்துனேன்னு நெனச்சுக்கிட்டு அவன் போயிட்டானேன்னு எத்தனையோ நாளு அழுதேன்.

ஆனா வீட்டுக்கோட்டுக்கு மேல இன்னும் ஒரு வெரக்கட இருக்கு, பரவால்ல, ஒரு வலை விட்டுட்டுப் போலாம்னு நின்னுருக்கான். சரியா கோட்டுக்கு எறங்குனதும் திருப்பிட்டான். கோடு மாறாம திருப்பிட்டான். பாதி தூரம் வந்துருக்காங்க. வேளாங்கண்ணி கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியுதாம். இன்ஜின் ரெண்டு இருமு இருமிட்டு நின்னு போச்சு. மத்தியானம், வாடக்காத்து ஏறிக்கிட்டுருக்கு. மாப்ள கம்ப உள்ள விட்டான். காஞ்சு கெடக்கு. கம்ப இப்புடி அப்புடி ஆட்டிருக்கான். ரெண்டு பக்கமும் உடனே இடிக்குது. மச்சான் டேங்க்க மாத்திருக்காருடான்னானாம்.

கோவப்படலையாம் தம்பி. ஒரு வார்த்த வையலையாம். நாகூரான்தான் என்னைக் கண்டபடி பேசியிருக்கான். மாப்ள அவன அடக்கிருக்கான். இத போயி வீட்டுல சொல்லாத, தவமணி தெரிஞ்சா அவரு மூஞ்சியிலயே முழிக்க மாட்டா, அவளுக்கு இருக்குறது ஒரே அண்ணன், நாளைக்கு நானே போயி மச்சான்கிட்ட பேசிக்கிறேன், அவரு புதுசா ஒரு கம்பு வெட்டிருப்பாரு, அளவு கேக்கணும்லன்னு சிரிச்சானாம்.

நாளைக்கு பேசுறேன்னுருக்கான்.

அப்புறம்தான் போட்டு காத்துல தெக்க தள்ளுது, நங்கூரத்தப் போட்டுருவோம்னு முன்னாடி போயிருக்கான். ஒரு அலை தூக்கிப் போட்டுச்சு. விழுந்துட்டான். விழுந்தா என்ன, மீனவன் விழாத கடலா? நல்லா நீந்துறான். கையத் தூக்குறான். கூப்புடு தூரந்தான். ஆனா போட்டு நிக்கல, காத்து ஒரு பக்கம் தள்ளுது, நீரோட்டம் அவன இன்னொரு பக்கம் இழுக்குது. நாகூரான் கேன வீசியிருக்கான், கயிற வீசியிருக்கான், துடுப்பால அடிச்சுப் பாத்துருக்கான். இவ்வளவு பெரிய போட்ட ஒத்த ஆளு துடுப்பால திருப்ப முடியுமா? இன்ஜின் ஒரே ஒரு நிமிசம் ஓடியிருந்தா போதும். திருப்பி, பக்கத்துல கொண்டுபோயி, கையப் புடிச்சுத் தூக்கியிருக்கலாம். ஒரு சோடா பாட்டில் டீசல் போதும் தம்பி அதுக்கு.

நாகூரானையும் போட்டையும் அந்திக்கு வேற போட்டுக்காரங்க கட்டி இழுத்துட்டு வந்தாங்க. மாப்ள நாலாம் நாளு தெக்க கரை ஒதுங்குனான்.

பொறந்த வீட்டுக் கோடின்னு ஒண்ணு இருக்கு, உங்க ஊர்லயும் உண்டு. புருசன் செத்தா கூடப் பொறந்தவன்தான் சேல எடுத்துட்டுப் போயி போடணும். நான்தான் போட்டேன். இந்தக் கையாலதான் அவ தலையில போட்டேன். அண்ணே, எனக்கு இனிமே நீதாண்ணேன்னு என் காலப் புடிச்சுக்கிட்டு கத்துனா. அப்பயே சொல்லியிருக்கணும். சொல்ல வாயத் தொறந்தேன், அழுகதான் வந்துச்சு. எல்லாரும் பாருடா, தங்கச்சிக்காக எப்புடி அழுவுறான்னு சொன்னாங்க.

நாகூரான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தான். மாப்ள கேட்டுக்கிட்டதுன்னு. பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சு ரெண்டு நாள்ல கேரளாப் பக்கம் தொழிலுக்குப் போயிட்டான். போறதுக்கு முன்னாடி தவமணி வீட்டுலேருந்து அவன் வெளிய வர்றதப் பாத்தேன். கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. முதலாளி பொஞ்சாதிய அந்தக் கோலத்துல பாத்தா யாருக்குத்தான் அழுக வராது? என்னப் பாத்ததும் வேற பக்கமா திரும்பிப் போயிட்டான்.

ஆக தவமணிக்குத் தெரியாது. இது எனக்கும் நாகூரானுக்கும் மட்டும் தெரிஞ்சது. இப்ப உங்களுக்கு. நீங்க அந்நியம், பஸ் ஏறிப் போயிருவீங்க, அதான் சொல்றேன். அவளுக்குத் தெரிஞ்சா நான் நாண்டுக்கிட்டுத்தான் சாவணும். எனக்கு அவ ஒருத்திதான் தம்பி. மாப்ளையத்தான் போக்கிட்டேன், அவளையும் போக்கிட்டா நான் மனுசனே இல்ல.

பழைய மாதிரியே இருக்கா என்கிட்ட. அமாவாசைக்கு அமாவாசை மாப்ளைக்குப் படைச்சிட்டு என்னக் கூப்புட்டு எல போட்டு சோறு போடுவா. எதுக்க உக்காந்துக்குவா. அவ சாப்புட மாட்டா, நான் திங்கிறதப் பாத்துக்கிட்டே இருப்பா. நான் எந்திரிக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் கேப்பா, அண்ணே, எங்கிட்ட எதும் சொல்லணுமாண்ணேன்னு. ஒண்ணுமில்லம்மான்னுவேன். சரின்னு எலைய எடுத்துருவா. பாவம், மவ கல்யாணப் பேச்சு எதாச்சும் வந்துருக்கான்னு கேக்குறா போல. பொம்பளப் புள்ளைய வச்சிருக்கவளுக்கு அந்தக் கவலதானே இருக்கும்.

போட்ட விக்கச் சொன்னதும் அவதான். கண்ணு முன்னாடி கெடக்க வேணாம்ணேன்னா. நல்ல மனசு தம்பி அவளுக்கு. இன்னைக்குக் காலையில கூட, ஆற்காட்டுத்துறையிலேருந்து ஒருத்தர் பாக்க வர்றாரு, பேசிட்டு மத்தியானம் வர்றேன்னு சொல்லப் போனேன். அடுப்படியிலேருந்தே சொன்னா, வாங்க வர்றவருக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பாண்ணே, அவருகிட்ட அந்தப் பழைய கம்பக் குடுத்துராத, உங்கிட்ட இருக்குறதக் குடுன்னா. நானும் சரிம்மான்னுட்டு வந்துட்டேன். பாருங்க, முகம் தெரியாத ஆளுக்குக் கூட எவ்வளவு

இருங்க தம்பி.

உங்கிட்ட இருக்குறதக் குடுன்னா.

என்கிட்ட ஒரு கம்பு இருக்குறது அவளுக்கு எப்புடித் தெரியும்? நான் சொல்லல. என் சம்சாரத்துக்கே தெரியாது. பாயும் இங்க வரல. பழசக் குடுத்துராதன்னு ஏன் சொல்றா? நான் இப்ப சொன்னது காதுல விழுந்துதா உங்களுக்கு? அவ இப்புடித்தான் சொன்னா.

நாகூரான் சொல்லிட்டுத்தான் போயிருக்கான்.

பதினெட்டாம் நாள்லேருந்து தெரிஞ்சிருக்கு அவளுக்கு. தெரிஞ்சேதான் எனக்குச் சோறு போட்டுருக்கா. எதுக்க உக்காந்துக்கிட்டு, இன்னைக்காவது சொல்றானா, இன்னைக்காவது சொல்றானான்னு. பத்து அமாவாசை. நான் ரெண்டாவது தடவ கொழம்பு கேட்டு வாங்கித் தின்னுட்டு வந்துருக்கேன் தம்பி. ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டு வந்துருக்கேன்.

இல்ல, நீங்க எந்திரிக்க வேணாம், உக்காருங்க. போட்ட நீங்க வாங்குனா வாங்குங்க, வாங்காட்டிப் போங்க, எனக்கு அது இல்ல இப்ப. நான்தான் எந்திரிக்கணும், கொஞ்சம் கையக் குடுங்க. அந்தா அந்த ஓட்டு வீடுதான் அவ வீடு. நூறு அடி கூட இருக்காது.

இன்னைக்கு அமாவாசை. படைச்சு முடிச்சிருப்பா. இந்நேரம் எனக்கு எலையப் போட்டுட்டு உக்காந்திருப்பா.